பைதான் 2-க்கு ஓய்வு: நம் பிள்ளைகளின் படிப்புக்கு அதில் என்ன இருக்கிறது?

(நம் அறக்கட்டளையின் இலவசக் கணினி வகுப்புத் தொடக்க நாளன்று, பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வகுப்பைத் தொடங்கி வைத்து, தேநீர் குடித்துக் கலைந்து போயிருக்கலாம். ஆனால் கடந்த சில வாரங்களாகப் பெற்றோர் பலர் எங்களிடம் வந்து இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "பைதான் படித்தால் வேலை கிடைக்கும் என்கிறார்களே, வெளியில் பணம் கட்டிச் சேர்க்கலாமா?" என்பது ஒன்று. "மூத்தவன் படித்த பைதான் புத்தகம் வீட்டில் இருக்கிறது, இளையவளுக்கு அதையே கொடுக்கலாமா?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி சாதாரணமாகத் தெரிகிறது. அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், ஒரு கம்ப்யூட்டர் மொழியின் பழைய பதிப்பை எப்படி முடித்து வைத்தார்கள், ஏன் முடித்து வைத்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கணக்குப் பாடம் வேண்டாம் என்று ஓடியவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறோம்.

பைதான் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோஸம் என்பவர் 1989 டிசம்பர் விடுமுறையில் இதை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு வந்தது. பெயரைப் பார்த்து மலைப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். 'மான்டி பைதான்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் நினைவாக வைத்த பெயர் அது. பாம்புப் படம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எழுதவும் படிக்கவும் எளிது என்பதால் உலகம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் இப்போது பைதான் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

2000 அக்டோபரில் பைதான் 2 வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பர் 3 அன்று பைதான் 3 வந்தது. இங்கேதான் சிக்கல் ஆரம்பம். வழக்கமாகப் புதுப் பதிப்பு வந்தால் பழைய புரோகிராம் அதிலும் ஓடும். வீட்டுக்குப் புது மின்விசிறி வாங்கினால் பழைய ஸ்விட்சு போர்டையும் மாற்றச் சொல்வார்களா? ஆனால் பைதான் 3-ஐ உருவாக்கியவர்கள் தெரிந்தே, மனமறிந்தே, பழைய புரோகிராம்கள் பல அதில் ஓடாது என்று முடிவு செய்தார்கள். ஆரம்பத்தில் மொழியை அமைத்தபோது வந்துவிட்ட சில கோணல்களை அப்போது நிமிர்த்தாவிட்டால் எப்போதும் நிமிர்த்த முடியாது என்பது அவர்கள் கருத்து.

அந்தக் கோணல்கள் என்ன என்பதற்கு நமக்குப் பழக்கமான ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டு வஃபாத்தாகிறார். கடனும் வஸிய்யத்தும் போக எட்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. மனைவியின் பங்கு எட்டில் ஒன்று என்பது மத்ரஸாவில் ஃபராயிள் ஓதிய எவருக்கும் தெரியும். ஒரு லட்சம் ரூபாய். இதையே பைதான் 2-இல் "1 வகுத்தல் 8, பெருக்கல் 800000" என்று எழுதினால் விடை என்ன வரும் தெரியுமா? பூஜ்யம். அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை! காரணம், பைதான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகத்தான் இருக்கும். 1-ஐ 8-ஆல் வகுத்தால் பூஜ்யம், மீதியை அது உதறிவிடும். பூஜ்யத்தை எட்டு லட்சத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதே வரியைப் பைதான் 3-இல் எழுதினால் ஒரு லட்சம் என்று சரியாக வரும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பைதான் 2 அங்கே "தவறு" என்று எச்சரிக்காது. அமைதியாகப் பூஜ்யத்தைத் தந்துவிட்டுப் போய்விடும். தேர்ந்தவர்களுக்கு இது தெரியும், அதற்கு ஏற்ப எழுதிக்கொள்வார்கள். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது கோணல் நம் மொழியையே தொடுகிறது. பைதான் 2 பிறந்த காலத்துப் பழக்கப்படி அதற்கு எழுத்து என்றால் முதலில் ஆங்கில எழுத்துதான். தமிழ், அரபு, உருது, சீனம் எல்லாம் பிறகு ஒட்டவைத்த இணைப்புகள். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நம் கணக்கில் மூன்று. பைதான் 2-இடம் சாதாரணமாக எழுதிக் கேட்டால் 15 என்று சொல்லும். கம்ப்யூட்டருக்குள் அந்தச் சொல்லைச் சேமிக்க எத்தனை பைட்டுகள் ஆகின்றனவோ அந்த எண்ணிக்கையைத்தான் அது சொல்கிறது. ஒருவர் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக எடுக்கச் சொன்னால், எழுத்தின் மூன்றில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் திரையில் குப்பை போலக் காட்டும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக ஓடிய புரோகிராம், பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரோ அரபுப் பெயரோ வந்ததும் நின்றுபோவது அந்தக் காலத்தில் அன்றாடம் நடந்தது.

பைதான் 3-இல் எல்லா எழுத்தும் யூனிகோடு எழுத்துதான். ஆங்கிலத்துக்கு ஒரு வாசல், மற்றவர்களுக்குப் பின்வாசல் என்பது இல்லை. 'தமிழ்' என்பதற்கு அது 5 என்று விடை தரும். மூன்று இல்லையே என்று கேட்பீர்கள். மகரத்தையும் இகரக் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது, ழகரத்தையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதனால் 5. நம் இலக்கணப்படி மூன்று என்று எண்ண வைக்க 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரல்தொகுப்பு இருக்கிறது. தன்னார்வலர்கள் உருவாக்கியது. இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். பைதான் 3-இல் ஒரு மதிப்புக்குப் பெயர் வைக்கும்போது 'தொகை' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். பைதான் 2 அதை ஏற்காது. மொழி மாறியது அநியாயம் என்று வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் வேலை பார்த்தவர்கள் என்பது எங்கள் எண்ணம். தமிழில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மாற்றம் ஒரு நிம்மதி.

சரி, நல்லது என்றால் எல்லோரும் உடனே மாறியிருக்க வேண்டாமா? மாறவில்லை. பைதானில் யாரும் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதி வைத்த நிரல்தொகுப்புகளை எடுத்துப் பயன்படுத்துவார்கள். அந்தத் தொகுப்புகள் பைதான் 2-இல் இருந்தன. தொகுப்பு மாறட்டும், பிறகு நாங்கள் மாறுகிறோம் என்றார்கள் பயன்படுத்துகிறவர்கள். பயன்படுத்துகிறவர்கள் மாறட்டும், பிறகு நாங்கள் மாற்றி எழுதுகிறோம் என்றார்கள் தொகுப்பு எழுதியவர்கள். கல்யாண வீட்டில் இரண்டு தரப்பும் 'முதலில் அவர்கள் பேசட்டும்' என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியே வருடங்கள் ஓடின. நடுவில் சில நல்ல கைகள் உதவின. பழைய புரோகிராமைப் புதியதாக மாற்றித் தரும் கருவி ஒன்று வந்தது. ஒரே புரோகிராம் இரண்டிலும் ஓடும்படி செய்ய 'சிக்ஸ்' என்ற தொகுப்பு வந்தது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, அதனால் அந்தப் பெயராம்! 2012-இல் வந்த பைதான் 3.3-இல், மாறுகிறவர்களுக்கு வசதியாகப் பழைய எழுத்து முறை ஒன்றைத் திரும்பவும் அனுமதித்தார்கள். பிடிவாதத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள் என்று சொல்லலாம்.

2010 ஜூலையில் வந்த பைதான் 2.7-தான் பழைய வரிசையின் கடைசிப் பதிப்பு. அதற்கு 2015 வரைதான் பராமரிப்பு என்று முதலில் சொல்லியிருந்தார்கள். 2014-இல் மான்ட்ரியல் நகரில் நடந்த பைதான் மாநாட்டின்போது பார்த்தால், பாதிப் பேர் இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே கெடுவை 2020 வரை நீட்டித்தார்கள். நீட்டித்ததோடு நிற்காமல், இணையப் பாதுகாப்பு சம்பந்தமான சில முக்கிய வசதிகளைப் பைதான் 3-இலிருந்து எடுத்து, 2014 டிசம்பரில் வந்த 2.7.9-இல் சேர்த்தும் கொடுத்தார்கள். ஆனால் இன்னொரு நீட்டிப்பு இல்லை, 2.8 என்று ஒன்று வராது என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள்.

அந்தத் தெளிவுக்குப் பிறகுதான் வேலை நடந்தது. இன்ஸ்டாகிராம் நிறுவனம் ஏறத்தாழ பத்து மாதங்களில் மாறி முடித்து, 2017 பைதான் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசியது. இணையதளங்கள் கட்டப் பயன்படும் 'ஜாங்கோ' 2017 டிசம்பரில் வந்த தன் 2.0 பதிப்போடு பழைய பைதானை விட்டது. கணிதத்துக்கான 'நம்பை' 2019 ஜனவரியில் வந்த 1.16-தான் பழையவர்களுக்குக் கடைசி என்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மொழியை உருவாக்கிய கைடோ 2013 முதல் 2019 வரை வேலை பார்த்த டிராப்பாக்ஸ் நிறுவனத்திலேயே பைதான் 2-இல் எழுதிய நிரல்கள் மலைபோலக் குவிந்திருந்தன. மாப்பிள்ளை வீட்டிலேயே வேலை பாக்கி! அங்கும் அது சில ஆண்டுகள் இழுத்தது.

நம் நாட்டவர் ஒருவரின் கதையும் இதில் இருக்கிறது. மின்னூல்களை அடுக்கி வைக்க, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, உலகமே பயன்படுத்தும் 'காலிபர்' என்ற மென்பொருளை எழுதியவர் ஓர் இந்தியர். லட்சக்கணக்கான வரிகளை மாற்ற முடியாது, வேண்டுமானால் பைதான் 2-ஐ நானே பார்த்துக்கொள்கிறேன் என்ற நிலையில் முதலில் இருந்தார். பிறகு மற்றவர்களும் கைகொடுக்க, 2020 செப்டம்பரில் வந்த காலிபர் 5 பைதான் 3-க்கு மாறிவிட்டது.

2020 ஜனவரி 1 அன்று பைதான் 2-க்கான பராமரிப்பு முடிந்தது. அதுவரை சேர்ந்திருந்த திருத்தங்களைத் தொகுத்து 2020 ஏப்ரல் 20 அன்று 2.7.18 என்ற கடைசி வெளியீட்டைத் தந்தார்கள். பிட்ஸ்பர்க் நகரில் மாநாடு கூடும் சமயத்தில் வழியனுப்பி வைக்க நினைத்திருந்தார்கள். கொரோனாவால் அந்த மாநாட்டில் மக்கள் கூட முடியவில்லை. நம்மில் பலர் அந்த மாதங்களில் ஜனாஸாவுக்கே போக முடியாமல் இருந்தோம், நினைவிருக்கும்.

பராமரிப்பு முடிந்தது என்றால் என்ன பொருள்? அன்றிரவே அந்தப் புரோகிராம்கள் நின்றுவிடவில்லை. இன்றும் ஓட வைத்தால் ஓடும். ஆனால் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. வீட்டில் காவலாளி இருந்தார், சம்பளம் வாங்காத காவலாளி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புது வீட்டைக் காட்டி, 'நான் ஒருநாள் அங்கே போய்விடுவேன்' என்று சொல்லிவிட்டார். சொன்னபடி போனார். பழைய வீட்டின் கதவு மூடித்தான் இருக்கிறது, பூட்டைத் திறக்கும் வழி ஊரில் யாருக்காவது தெரிந்துவிட்டால் பூட்டு மாற்ற அவர் வரமாட்டார். 2019 ஆகஸ்டிலேயே பிரிட்டன் அரசின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் இதைச் சுட்டிக்காட்டி எச்சரித்திருந்தது.

சம்பளம் வாங்காத காவலாளி என்று சொன்னோம் அல்லவா, அது அலங்காரத்துக்குச் சொன்னது அல்ல. பைதானைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை, இரவிலும் விடுமுறையிலும் இது. ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு வரிசைக்கும் எழுதி, இரண்டிலும் சோதித்து, பத்தாண்டுகளுக்கு மேல் சுமந்தார்கள். பெரிய நிறுவனங்கள் அதை இலவசமாக எடுத்துப் பணம் சம்பாதித்தன. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கோபப்பட்டவர்களில், அந்தச் சுமையில் ஒரு கைப்பிடி தூக்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இந்த அறக்கட்டளையில் மருத்துவ முகாமுக்குச் சம்பளமில்லாமல் நாற்காலி தூக்கிப் போடும் இளைஞர்களைத் தெரிந்த நமக்கு அந்த வலி புரியும். காசு வாங்கிக்கொண்டு காவலைத் தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். ரெட் ஹேட் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு 2024 ஜூன் வரை பைதான் 2.7-ஐப் பார்த்துக்கொண்டது. ஆப்பிள் 2022 மார்ச்சில் தன் கணினிகளிலிருந்து அதை எடுத்துவிட்டது. புதுத் தொகுப்புகளை நிறுவித் தரும் 'பிப்' கருவி 2021 ஜனவரியோடு அதற்கு வேலை செய்வதை நிறுத்தியது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம்.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை, தந்தை இல்லாத பிள்ளை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் பைதான் படித்தாள். எந்த மையம் என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பணத்துக்கு அவளுடைய உம்மா காதில் கிடந்ததை அடகு வைத்தார். சான்றிதழ் கொடுத்தார்கள், ஃபிரேம் போட்டு மாட்டும்படி அழகாக இருந்தது. நேர்முகத் தேர்வில் ஒரு கணினியைக் கொடுத்துச் சின்னப் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். முதல் வரியிலேயே தவறு என்று சிவப்பாகக் காட்டியது. அவள் படித்த நோட்டு முழுக்கப் பைதான் 2. அங்கே இருந்தது பைதான் 3. பைதான் 2-க்குப் பராமரிப்பு முடிந்த பிறகும், யாரோ பல வருடங்களுக்கு முன் எழுதிய நோட்டை நகல் எடுத்து எடுத்து விற்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை தனக்கு மூளை இல்லை என்று நினைத்து ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்கு மூளைக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். விஷயத்தை எடுத்துச் சொன்னதும் மூன்று வாரத்தில் வேறுபாடுகளைத் தானே படித்துக்கொண்டாள். இரண்டும் அந்நிய மொழிகள் அல்ல, அண்ணன் தம்பிதான். ஆனால் அடகு வைத்த தோட்டுக்கு வட்டி ஓடியது ஓடியதுதான்.

ஆகவே தாய்மார்களுக்கு ஒரு சோதனை சொல்லித் தருகிறோம். கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம், ஆங்கில எழுத்து அடையாளம் தெரிந்தால் போதும். புத்தகத்தையோ நோட்டையோ திறந்து 'பிரிண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடும். திரையில் ஒன்றைக் காட்டச் சொல்லும் கட்டளை அது. அந்தச் சொல்லை ஒட்டி அடைப்புக்குறி திறந்து, காட்ட வேண்டியதைச் சொன்ன பிறகு மூடியிருந்தால் அநேகமாகப் பைதான் 3. அடைப்புக்குறியே இல்லாமல் மொட்டையாக இருந்தால் சந்தேகமில்லாமல் பைதான் 2. அந்தப் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். நம் நூலகத்துக்கும் நன்கொடையாகத் தராதீர்கள்! நம் அலமாரியில் இருந்தவற்றை இந்த வாரம்தான் எடுத்துத் தனியே கட்டி வைத்தோம். நல்ல மனதோடு கொடுத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். தாளும் அட்டையும் கெடவில்லை, உள்ளே உள்ள பாடத்தின் காலம்தான் போய்விட்டது.

மூத்தவர்கள் சிலர் கேட்கலாம், இன்று பைதான் 3 படித்தால் நாளை 4 வந்து இதையும் தூக்கிப் போடச் சொல்வார்களா? இந்த முறை பட்ட பாட்டைப் பார்த்த கைடோவே 4 என்று ஒன்றை விரும்பாதவராகத்தான் பேசியிருக்கிறார். இப்போது முறை வேறு. ஆண்டுக்கு ஒரு தடவை, அக்டோபரில் 3-இன் புதுப் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் பராமரிப்பு. 3.8-க்கு 2024 அக்டோபரில் முடிந்தது, 3.9-க்கு 2025 அக்டோபரில் முடிந்தது. ஆனால் 3.9-இல் படித்த பிள்ளைக்கு அடுத்த பதிப்பில் தடுமாற்றம் இருக்காது. சின்னச் சின்ன மாற்றங்கள்தான். அதே 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட் இலவசப் பராமரிப்பை முடித்துக்கொண்டது என்பதைக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பில் போடும் கணினியைப் பற்றி வகுப்பு முடிந்து தனியே கேளுங்கள், நம் தன்னார்வலர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

இந்த ஆண்டு முதல் கல்வி உதவிக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. கணினிப் பயிற்சிக்கு அறக்கட்டளையிடம் கட்டண உதவி கேட்பவர்கள், விண்ணப்பத்தோடு அந்த மையத்தின் பாடக்குறிப்பில் பத்துப் பக்கமாவது நகல் எடுத்து இணைக்க வேண்டும். எங்கள் ஆசிரியர்கள் பார்த்த பிறகுதான் காசோலை. 'அவர்கள் நோட்டைக் காட்ட மாட்டார்களாம்' என்று யாராவது வந்தால், அதையே நாங்கள் பதிலாக எடுத்துக்கொள்வோம். உதவி கேட்காமல் சொந்தப் பணத்தில் சேர்க்கிறவர்களும் கட்டுவதற்கு முன் கொண்டுவந்து காட்டலாம், அதற்கு ஒன்றும் வாங்குவதில்லை.

வகுப்பு இன்ஷா அல்லாஹ் வரும் சனிக்கிழமை தொடங்குகிறது. சனி, ஞாயிறு இரு நாளும் ஆண் பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகும், பெண் பிள்ளைகளுக்குக் காலை பத்து மணிக்கும் மத்ரஸாவின் மாடி அறையில் நடக்கும். பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் முதல் நாள் கையோடு கொண்டுவாருங்கள், பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும். மடிக்கணினி இல்லையே என்று எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்துவிட வேண்டாம்.